சென்னைக்குப் புதிதா? லேப்டாப்போடு உட்கார ஒரு காபிக் கடை பிடிப்பது எப்படி

திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ வேளச்சேரி பி.ஜி.யிலோ ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துத் தங்கியிருப்பவரிடம் "இனி உங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை" என்று கம்பெனி சொன்னால், அந்த வீடு எங்கே இருக்கிறது என்ற கேள்வி முதல் திங்கட்கிழமையே வந்துவிடும். கட்டில் இருக்கிறது, மேசை கிடையாது. பக்கத்துக் கட்டில்காரர் நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் கண் அயர்ந்திருப்பார். நீங்கள் "ஹலோ, நான் பேசுறது கேக்குதா?" என்று ஆரம்பித்ததும் போர்வைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வரும்.

நானும் கரூரிலிருந்து வந்து இப்படித்தான் ஆரம்பித்தேன். அலுவலகம் புனேயில், கட்டில் சென்னையில். முதல் இரண்டு மாதம் கண்ணில் பட்ட காபிக் கடைகளிலெல்லாம் ஏறி இறங்கினேன். நிறையப் பணம் போனது, இரண்டு மீட்டிங்குகள் கெட்டுப்போயின. அப்புறம்தான் எனக்கென்று ஒரு முறை வந்தது. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பம்

சென்னை காபிக்குப் பேர்போன ஊர். அதனால் லேப்டாப்போடு உட்காரவும் ஆயிரம் இடம் இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். அப்படி இல்லை. நல்ல காபி கிடைக்கும் இடமும் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடமும் இந்த ஊரில் பெரும்பாலும் வேறு வேறு.

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் டபரா டம்ளரில் வரும் ஃபில்டர் காபியை நினைத்துப் பாருங்கள். நுரை அடங்குவதற்குள் ஆற்றிக் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். கூட்ட நேரத்தில் நீங்கள் கடைசி வாய் குடிப்பதற்குள் அடுத்தவர் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். அதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் காபியின் விலை 30, 40 ரூபாய், அதில் இருக்கைக்கு வாடகை சேரவில்லை. 'கஃபே' என்று பலகை மாட்டிய இடத்தில் ஒரு கப்புச்சினோ 200 ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். நடுவில் இருக்கும் வித்தியாசம் பாலுக்கும் கொட்டைக்கும் மட்டுமானது இல்லை. ஏசி, நாற்காலி, வைஃபை, கழிப்பறை, யாரும் துரத்தாத ஒரு மணி நேரம் எல்லாம் அதில் சேர்த்தி. கஃபே காபி டேயின் முதல் கடை 1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் திறந்தபோதே அது இன்டர்நெட் மையமாகவும் இருந்தது. காபிக்குக் காசு கொடுத்து நெட்டோடு உட்காருவது நம் பக்கத்தில் அவ்வளவு பழைய பழக்கம்.

ஆகவே காபி ருசியை முதல் அளவுகோலாக வைக்காதீர்கள். மாலையில் வேலை முடிந்ததும் ஃபில்டர் காபியைத் தேடிப் போய்க் குடித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வேலையைப் பிரித்துப் பாருங்கள்

கடையைத் தேடும் முன் உங்கள் ஒரு வாரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். நீங்கள் வாய் திறந்து பேச வேண்டிய மணிகள் எத்தனை, தலை நிமிராமல் செய்யும் வேலை எத்தனை மணி, மெயில், படிவம் மாதிரி எங்கே இருந்தாலும் முடியக்கூடியவை எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்தால் போதும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்றுக்கும் ஒரே கடை அமையாது. பேச வேண்டிய நேரத்துக்கு வராந்தாவோ வெளித்திண்ணையோ உள்ள இடம் தேவை. தலை நிமிராத வேலைக்கு நல்ல நாற்காலியும் மூலையும் வேண்டும். மெயிலுக்கு எதுவும் போதும். தினமும் ஐந்து மணி நேரம் மீட்டிங்கிலேயே இருப்பவர் என்றால் உங்களுக்குக் காபிக் கடை சரிப்படாது. கட்டுரையின் கடைசியில் இருக்கும் மாற்று இடங்களுக்கு நேராகப் போய்விடுங்கள்.

போனிலேயே பாதி சலித்துவிடலாம்

கூகுள் மேப்ஸில் 'கஃபே' என்று தேடினால் ஒரு பேட்டைக்கே ஐம்பது விழும். நட்சத்திரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த நட்சத்திரங்களில் பாதி, சீஸ் கேக் நன்றாக இருந்ததற்காகப் போட்டவை.

விமர்சனங்களுக்குள் தேடும் வசதி இருக்கிறது. அதில் 'லேப்டாப்', 'வைஃபை', 'பிளக்', 'ஒர்க்' ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். புதியவை முதலில் வரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்திய பாராட்டு ஒன்றுக்கும் உதவாது. "லேப்டாப் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருந்தால் அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்புறம் படங்கள். கடைக்காரர் போட்ட படங்களில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வாடிக்கையாளர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். தட்டில் இருக்கும் பாஸ்தாவைப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். பிளக் பாயிண்ட் தெரிகிறதா? மேசை எவ்வளவு பெரியது? யாராவது லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார்களா? ஒரு பர்கர் படத்தின் ஓரத்தில் யாரோ ஒருவரின் சார்ஜர் ஒயர் தெரிந்ததை வைத்து நான் ஒரு நல்ல கடையைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

கூட்ட நேரத்தைக் காட்டும் சிறிய பட்டை வரைபடமும் அங்கேயே இருக்கும். செவ்வாய், புதன் பகல் பட்டை எவ்வளவு உயரம் என்று பார்த்து வையுங்கள். இப்படிச் சலித்தால் ஐம்பதில் ஆறோ ஏழோ மிஞ்சும்.

லேப்டாப் இல்லாமல் ஒரு முறை போய் வாருங்கள்

எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். முதல் முறையே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மீட்டிங்குக்கு அரை மணி முன்பு போய் நிற்பார்கள். அது பெண் பார்க்கப் போன அன்றே தாலி கட்டுவது மாதிரி. முதலில் போனை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். விலை குறைந்த ஒன்றை ஆர்டர் செய்துவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள்.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது மேசையும் நாற்காலியும். சோபா ஏமாற்றும். உள்ளே போனதும் "வா, வா" என்று கூப்பிடும். அரை மணியில் லேப்டாப் மடியிலும் கழுத்து நெஞ்சிலும் கிடக்கும். காபி கோப்பைக்கென்றே செய்த வட்ட மார்பிள் மேசையில் லேப்டாப்பை வைத்தால் கோப்பைக்கு இடமிருக்காது. வீட்டுச் சாப்பாட்டு மேசை உயரத்தில், கால் ஆடாத மேசையும் முதுகுள்ள நாற்காலியும் இருந்தால் அந்தக் கடைக்குப் பாதி மதிப்பெண் போட்டுவிடலாம். மேசையை ஒரு முறை கையால் அழுத்திப் பாருங்கள். ஆடும் மேசையில் தட்டச்சு செய்தால் எதிரே இருக்கும் தண்ணீர் டம்ளரும் சேர்ந்து தட்டச்சு செய்யும்.

அடுத்து பிளக். பிளக் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, அதில் மின்சாரம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். பல கடைகளில் அலங்கார விளக்குக்காக வைத்த பாயிண்ட் சுவரின் உச்சியில் இருக்கும், அல்லது சுவிட்ச் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும். போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரின் தடித்த மூன்று பின் தலை சில இடங்களில் நுழையாது, நுழைந்தாலும் தொங்கி விழும். ஆகவே பையில் எப்போதும் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்திருங்கள். அது இருந்தால் பக்கத்து மேசைக்காரருக்கும் ஒரு பாயிண்ட் கொடுக்கலாம், அவர் உங்கள் பையைப் பார்த்துக்கொள்வார். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் நண்பர் அப்படிக் கிடைத்தவர்தான்.

மூன்றாவது சத்தம். காபிக் கொட்டை அரைக்கும் இயந்திரமும் மில்க் ஷேக் மிக்சியும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து அதிலிருந்து தள்ளி உட்காருங்கள். தலைக்கு மேல் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இருந்தால் அந்த மேசை வேண்டாம். ஏசி காற்று நேராகப் பிடரியில் விழும் இருக்கையும் அப்படித்தான், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வாசல் ஓரம் உட்கார்ந்தால் மே மாதத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் அக்னி நட்சத்திரம் உள்ளே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். சுவருக்கு முதுகு காட்டும் மூலை மேசைதான் உத்தமம். உங்கள் திரையைப் பின்னாலிருந்து யாரும் பார்க்கவும் முடியாது.

கழிப்பறையைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நாலு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள். சின்னக் கடைகள் சிலவற்றில் அது மாடியிலோ பின்பக்கம் பொதுவிலோ இருக்கும். தனியாக வரும் பெண்களுக்கு நான் சொல்வதைவிட என் தோழி ஒருத்தி சொல்வது சரியாக இருக்கும்: "கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள் சரியா இருந்தா கடையும் சரியா இருக்கும்."

நெட்: எண்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கடை வைஃபையில் சேரப் போன் எண் கேட்கும், ஓடிபி வரும். வெளிநாட்டு எண் மட்டும் வைத்திருக்கும் நண்பரைக் கூட்டிக்கொண்டு போனால் இங்கேயே மாட்டிக்கொள்வார். சில இடங்களில் இத்தனை நிமிடம், இத்தனை எம்பி என்று வரம்பும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகத்தை அளக்கும் தளம் ஏதாவது ஒன்றைத் திறந்து சோதியுங்கள். எல்லோரும் டவுன்லோடு எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுவார்கள். நீங்கள் அப்லோடைப் பாருங்கள். மீட்டிங்கில் உங்கள் முகமும் குரலும் போவது அந்த வழியில்தான். நாலைந்து பேர் சேரும் வீடியோ அழைப்புக்கு இரண்டு பக்கமும் 3, 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) நிலையாக வந்தால் தாராளம். 50 எம்பிபிஎஸ் காட்டிவிட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்துபோகும் இணைப்பைவிட அசையாத 5 எம்பிபிஎஸ் மேல். அதனால் மூன்று தடவை, ஐந்து நிமிட இடைவெளி விட்டு அளந்து பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் போன் டேட்டா அந்த மேசையில் எப்படி வருகிறது என்பதையும் அளந்துவிடுங்கள். இது ரொம்ப முக்கியம். அடித்தளத்தில் இருக்கும் கடைகளிலும் மாலின் நடுவில் இருக்கும் கடைகளிலும் சிக்னல் இரண்டு கோட்டைத் தாண்டாது. கடை வைஃபை போனால் உங்களைக் காப்பாற்றப் போவது ஹாட்ஸ்பாட்தான். ஒரு மணி நேர வீடியோ மீட்டிங் ஏறக்குறைய ஒரு ஜிபி தின்னும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டிருந்தால் மதியத்துக்கு மேல் கையைப் பிசைய வேண்டியிருக்கும். இன்னொரு சின்ன யோசனை: ஹாட்ஸ்பாட்டை வைஃபையாகப் பரப்பாமல் யுஎஸ்பி ஒயரில் லேப்டாப்போடு இணைத்துவிடுங்கள். பத்துப் பேர் வைஃபை மோதிக்கொள்ளும் அறையில் அது நிம்மதியாக ஓடும். போனும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்.

கரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினால் பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து 2 மணி வரை நிறுத்துவார்கள். எந்தெந்தப் பகுதி என்று முதல் நாளே செய்தித்தாளில் வரும். அதைப் பார்க்கும் பழக்கம் வரட்டும். அன்றைக்கு உங்கள் பேட்டையில் மின்தடை என்றால் லேப்டாப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பக்கத்துப் பேட்டைக் கடைக்குத்தான் வருவார்கள், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும். கடையில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். "கரண்ட் போனா வைஃபை நிக்குமா?" என்று கேளுங்கள். விளக்கு ஒரு நொடி கண் சிமிட்டி எரிந்துவிடும், ஆனால் ரௌட்டருக்குத் தனி யுபிஎஸ் இல்லாவிட்டால் அது எழுந்து உட்கார இரண்டு மூன்று நிமிடமாகும். உங்கள் முறை வரும்போது அந்த மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்பது பட்டவருக்குத்தான் தெரியும்.

ஒரு கடை, இரண்டு கடை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நீங்கள் தேர்ந்தெடுப்பது கடையை மட்டும் அல்ல, கடையின் ஒரு வேளையை. காலை 10 மணிக்கு இருக்கும் கடையும் மாலை 5 மணிக்கு இருக்கும் கடையும் ஒரே பெயர்ப் பலகைக்குக் கீழே இருக்கும் இரண்டு வெவ்வேறு கடைகள்.

இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை ஒரு மீட்டிங். ஒரு கடைக்குக் காலை 11 மணிக்குப் போய் வேவு பார்த்தேன். உச்சிகால பூஜை முடிந்த கோயில் பிரகாரம் மாதிரி அப்படி ஓர் அமைதி. இதுதான் நம் இடம் என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி மீட்டிங்குக்கு அங்கே போய் உட்கார்ந்தேன். 4.20க்குக் கல்லூரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் கேக்கோடு பக்கத்து மேசைக்கு வந்தார்கள். என் முறை வந்து மைக்கைத் திறந்த நேரம் பிறந்தநாள் பாட்டு உச்சத்தில் இருந்தது. புனேயில் இருந்த மேலாளர், யாருக்குப் பிறந்தநாள் என்று அக்கறையாக விசாரித்தார்.

நான் பார்த்தவரை நகரத்துக் கடையின் ஒரு நாள் இப்படி ஓடும். திறந்ததிலிருந்து பதினொன்றரை வரை தங்கமான நேரம். பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வரும், இரண்டரைக்கு வடியும். அதன்பின் நாலரை வரை ஓர் அரைத் தூக்கம். எழுத்து வேலைக்கு அதைவிட நல்ல பொழுது கிடையாது. நாலரைக்கு மேல் கல்லூரியும் காதலும் உள்ளே வரும், நீங்கள் வெளியே போய்விட வேண்டும். மழை வந்தால் கணக்கெல்லாம் மாறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, சாரல் ஆரம்பித்ததும் ஒதுங்க வந்தவர்கள் உள்ளே நிறைவார்கள், ஏற்கெனவே இருப்பவர்கள் எழ மாட்டார்கள்.

எனவே வேவு பார்க்கப் போகும்போது எந்தக் கிழமை, எந்த மணியில் வேலை செய்யப் போகிறீர்களோ அதே கிழமை, அதே மணிக்குப் போங்கள்.

எந்தப் பக்கம் தேடுவது?

தங்கியிருக்கும் இடத்திலிருந்து நடந்தோ ஒரே வண்டியிலோ போகக்கூடிய தூரத்தில் முதலில் தேடுங்கள். இந்த ஊர் வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய் உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் வியர்வை காயவே சரியாக இருக்கும். மெட்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அண்ணா நகரை நான் முதலில் சொல்வேன். இரண்டாவது நிழற்சாலையைச் சுற்றிக் கடைகள் அடர்த்தி. ஒன்றில் இடமில்லாவிட்டால் நடந்தே அடுத்ததற்குப் போகலாம், மெட்ரோவும் இருக்கிறது. நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலை அழகு, பர்ஸுக்கு வலி. ஆழ்வார்பேட்டை, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் பழைய பங்களாக்களைக் கடையாக மாற்றியிருக்கிறார்கள். மரநிழலும் அமைதியும் இருக்கும், ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் அங்கங்கே சாலை திரும்பியும் வளைந்தும் போகும், கிளம்பும் முன் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர் காலையில் சொர்க்கம். மாலையில் கடற்கரைக்கு வந்த மொத்தக் கூட்டமும் காபிக்கு ஏறும். பழைய மகாபலிபுரம் சாலையில் லேப்டாப்பை யாரும் வேற்றுக்கிரகப் பொருளாகப் பார்ப்பதில்லை, மதியம் ஐடி கூட்டம் மட்டும் கொஞ்சம் அழுத்தும். தியாகராய நகரைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். தீபாவளிக்கு முந்திய மாதம் அங்கே நிற்கவே இடமில்லை, உட்காருவதாவது.

பெயர் சொல்லி இரண்டு இடம். ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் அமேதிஸ்ட் இருக்கிறது. தோட்டம், வராந்தா, பெரிய மரங்கள். நகரத்தின் நடுவில்தான் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும். டிசம்பர், ஜனவரி காலையில் வராந்தாவில் உட்கார்ந்து எழுத அருமை. மே மாதம் அங்கே லேப்டாப்பைத் திறப்பது வேண்டுதல் உள்ளவர்களுக்கு மட்டும். அங்கிருந்து அதிக தூரமில்லாத பீட்டர்ஸ் சாலையில் ரைட்டர்ஸ் கஃபே. சுற்றிலும் புத்தகம், தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களுக்கு வேலை கொடுக்கும் இடம். நம் 200 ரூபாய் நல்ல இடத்துக்குப் போகிறது என்ற நினைப்போடு குடிக்கலாம். ஸ்டார்பக்ஸ், தேர்ட் வேவ், ப்ளூ டோக்காய் மாதிரி சங்கிலிக் கடைகளில் ஒரு வசதி உண்டு. ஒரு கிளையில் பழகிவிட்டால் அடுத்த கிளையில் என்ன கிடைக்கும் என்று ஏறக்குறைய ஊகித்துவிடலாம். ஆச்சரியமும் கிடையாது, அதிர்ச்சியும் கிடையாது. புதியவர்கள் முதல் வாரத்தை அங்கே ஓட்டிக்கொண்டே மற்ற இடங்களை வேவு பார்க்கலாம்.

உட்கார்ந்த பிறகு

உள்ளே போனதும் கல்லாவிலோ சர்வரிடமோ நேராகக் கேட்டுவிடுங்கள்: "ரெண்டு மூணு மணி நேரம் லேப்டாப்ல வேலை இருக்கு, எந்த டேபிள்ல உக்காந்தா உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?" இப்படிக் கேட்டதற்கு யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. பெரும்பாலும் பிளக் உள்ள மேசையை அவர்களே காட்டிவிடுவார்கள். சர்வர்களில் பலர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள். உங்களைப் போலவே அவர்களும் இந்த ஊருக்குப் புதியவர்கள். பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது நாள் நீங்கள் கேட்காமலேயே மூலை மேசை உங்களுக்காகத் துடைத்திருக்கும்.

ஒன்றரை மணி, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது ஆர்டர் செய்யுங்கள். காபியாகவே இருக்க வேண்டியதில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பரவாயில்லை என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கணக்கு. கஃபேக்களின் எஸ்பிரெசோவில் நம் டிகாக்‌ஷனில் கலக்கும், காஃபீன் இல்லாத சிக்கரி மாதிரி எதுவும் இருக்காது, முழுக்கக் கொட்டைதான். நான் இரண்டுக்கு மேல் போனால் கை நடுங்கி மெயிலில் எழுத்துப்பிழை வரும். மூன்றாவது சுற்றுக்கு லைம் சோடா.

நாலு பேர் மேசையில் தனியாக உட்காராதீர்கள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்துவிட்டால், மதியக் கூட்டம் நுழையும்போது நீங்களாகவே எழுந்து சின்ன மேசைக்கு மாறிவிடுங்கள். சொல்லி எழுப்புவதற்கு முன் எழுந்தவரை அந்தக் கடை மறக்காது. வீட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காதீர்கள். பி.ஜி. அக்கா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை மேசைக்கு அடியில் வைத்துச் சாப்பிட்ட அனுபவம் எனக்கு உண்டு. வாசனையை மேசைக்கு அடியில் வைக்க முடியாது.

மீட்டிங்குக்கு மைக் உள்ள ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் பேசுபவர்களைக் காபிக் கடையில் பார்த்தால் எனக்குக் கண்டக்டர் விசில்தான் நினைவுக்கு வரும். பத்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுங்கள். சம்பளம், வாடிக்கையாளர் பெயர், பாஸ்வேர்டு எதையும் உரக்கச் சொல்லாதீர்கள். பொது வைஃபையில் கம்பெனி விபிஎன் (இணைப்பை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் வசதி) இல்லாமல் வேலை செய்யாதீர்கள். கழிப்பறைக்குப் போகும்போது திரையைப் பூட்டுங்கள், முடிந்தால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். சர்வர் நல்லவர்தான், ஆனால் உங்கள் லேப்டாப்பைக் காப்பது அவர் வேலை இல்லை.

பணக் கணக்கு

ஒரு நாளைக்கு இரண்டு பானம், ஒரு சாண்ட்விச் என்றால் 600 ரூபாய் போய்விடும். பில்லில் 5 சதவீத ஜிஎஸ்டி, இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள், அது சரி. 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை இருந்தால் கவனியுங்கள். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். தினம் உங்களைச் சகித்துக்கொள்ளும் சர்வருக்கு அந்தப் பணத்தை நேராகக் கையில் கொடுக்கலாம்.

வாரம் ஐந்து நாளும் இப்படிப் போனால் மாதம் 12,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும், சில பி.ஜி.க்களில் அது ஒரு மாத வாடகை. என் வழக்கம் இதுதான்: வாரத்தில் இரண்டு நாள் கடை, அதுவும் அரை நாள். மிச்ச நாட்களுக்கு வேறு இடம்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பரில் திறந்தார்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவே அங்கே தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் விடியற்காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள், நீங்களும் சீக்கிரம் போக வேண்டும். வாய் திறந்து பேச முடியாது, ஆனால் தலை நிமிராத வேலைக்கு இந்த ஊரில் அதற்கு ஈடு கிடையாது. சுற்றிலும் அத்தனை பேர் படித்துக்கொண்டிருக்கும்போது போனை நோண்டவே கூச்சமாக இருக்கும். மதுரைக்காரர்களுக்கு 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

வட சென்னைப் பக்கம் இருந்தால் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் பாருங்கள். படிக்கும் கூடத்தோடு, குறைந்த கட்டணத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்க்கவும் மேசைகள் அமைத்திருக்கிறார்கள். மீட்டிங் அதிகமுள்ள நாளுக்குத் தனியார் கோ-ஒர்க்கிங் இடங்களில் (மேசையை வாடகைக்குத் தரும் பொது அலுவலகங்களில்) ஒரு நாள் பாஸ் எடுத்துக்கொள்ளலாம். கடையில் செலவாகும் 600 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல நேரம் பெரிய வித்தியாசம் இருக்காது. பேசுவதற்குத் தனிக் கூண்டும் கிடைக்கும்.

இத்தனையும் செய்தால் ஒரு மாதத்தில் உங்கள் கையில் மூன்று பெயர்கள் இருக்க வேண்டும். பேசுவதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று, இரண்டிலும் இடமில்லாத நாளுக்கு ஒன்று. போனில் ஒரு குறிப்பு திறந்து ஒவ்வொன்றுக்கும் எதிரே மேசை, வேளை, அப்லோடு எண், கழிப்பறை இவற்றை ஒரு வரியில் எழுதி வையுங்கள். என்னுடையதில் ஒரு கடைக்கு எதிரே இப்படி இருக்கிறது: "ஜன்னலோர 2ஆம் மேசை, 9 முதல் 11.30, அப்லோடு 12, பாத்ரூம் ஓகே, வெள்ளி மாலை கேக்."